கார்ல் டூஸ்பெர்க் படத்தைத் துறையில் மாட்டலாமா?

ஆய்வகம்:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். தொழில்துறை வேதியியலை வளர்த்தவர்களின் படங்களை எங்கள் துறை நடைபாதையில் மாட்டலாம் என்று மாணவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். பெர்கின், ஹைன்ரிச் காரோ பெயர்களுக்கு மறுபேச்சு இல்லை. கார்ல் டூஸ்பெர்க் பெயர் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1861-இல் ஜெர்மனியின் பார்மனில், நாடா நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நெசவுக்கு இழுக்க, அம்மாதான் பிடிவாதமாகப் படிக்க வைத்தார். 20 வயதில் யேனாவில் முனைவர் பட்டம். பேயர் நிறுவனத்தில் சாய வேதியியலாளராகச் சேர்ந்து 1912-இல் அதன் பொது இயக்குநர் ஆனார். ஜெர்மன் வேதி நிறுவனங்கள் இணைந்து 1925-இல் உருவான ஐ.ஜி. ஃபார்பனின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவர். 1935-இல் இறந்தார். ஒரு தரப்பு இவரை நவீன வேதித் தொழிலின் சிற்பி என்கிறது, இன்னொரு தரப்பு முதல் உலகப்போரில் நச்சுவாயுவையும் பெல்ஜியர்களை நாடு கடத்தியதையும் காட்டுகிறது. உங்கள் கருத்து எனக்கு வேண்டும்.

குமரன்_கெம்:
சார், தயங்காமல் மாட்டுங்கள். நான் ரசாயன ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் உண்டு. அதை டன் கணக்கில், ஆண்டு முழுவதும், ஒரே தரத்தில் தயாரிக்க வழி செய்தவர்களுக்கு இல்லை. டூஸ்பெர்க் அந்த இரண்டாம் வகை.

1895-இல் அவர் லெவர்குசன் ஆலைக்காக எழுதிய திட்டக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எல்பர்ஃபெல்டில் பேயரின் பழைய ஆலை ஆற்றோரப் பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக் கிடந்தது. தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு கட்டடத்தை ஒட்டி இன்னொன்று கட்டி, கடைசியில் எந்தப் பொருள் எங்கே போகிறது என்று ஆளுக்கே குழப்பம். ரைன் கரையில் லெவர்குஸ் குடும்பத்தாரின் சாய ஆலையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பேயர் 1891-இல் வாங்கியிருந்தது. அந்த வெற்று நிலத்தில் ஆலையை எப்படி அமைக்க வேண்டும் என்று டூஸ்பெர்க் முன்கூட்டியே வரைந்தார். மூலப்பொருளிலிருந்து இடைப்பொருள், அதிலிருந்து சாயம் என்று வேலை நகரும் வரிசையிலேயே பிரிவுகள். நடுவே அகலமான தெருக்கள், கூடவே தண்டவாளம். ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னாளில் வளர இடம். இன்று நாங்கள் ஒரு ஆலையின் வரைபடத்தை மேசையில் விரித்தால் முதலில் பார்ப்பது இதைத்தானே? அப்போது அவருக்கு வயது 33.

மலர்விழி:
வரைபடம் நன்றாக இருந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வரலாறு படிக்கிறவள் என்பதால் இன்னொரு தேதியைச் சொல்கிறேன். 1916 செப்டம்பர். ஜெர்மன் ராணுவத் தலைமை ஆயுத உற்பத்தியைப் பல மடங்காக்கச் சொல்கிறது, ஆலைகளில் ஆள் இல்லை. ராணுவத் தலைவர்களான ஹிண்டன்பர்கையும் லூடன்டோர்ஃபையும் சந்தித்த தொழிலதிபர்களில் டூஸ்பெர்க் ஒருவர். அதே மாதம் போர் அமைச்சகத்தில் நடந்த கூட்டத்தில், பெல்ஜியம் என்ற பெரிய மனிதத் தேக்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டவர் அவர். அடுத்த மாதமே ஆள் பிடிப்பு ஆரம்பித்தது. 1917 தொடக்கத்துக்குள் சுமார் 60,000 பெல்ஜியர்களை ரயிலில் ஏற்றி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்கு ஒப்புக்கொள்ளாதவர்களை முகாம்களில் குளிரிலும் பட்டினியிலும் போட்டார்கள். பலர் செத்தார்கள். பெல்ஜியத்தின் கார்டினல் மெர்சியே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார், நடுநிலை நாடுகளிலிருந்தும் கண்டனம் வந்தது, அப்புறம்தான் நிறுத்தினார்கள்.

ஆசிரியர் கேட்டது படம் மாட்டலாமா என்று. என் பதில், வேண்டாம்.

குமரன்_கெம்:
அந்தக் கூட்டத்தில் அவர் மட்டுமா இருந்தார்? ஆயுத நிறுவனமான குருப்பின் முதலாளி இருந்தார். தொழிலதிபர் வால்டர் ரத்தேனாவும் அந்த யோசனையை ஆதரித்தவர்தான், அவரைப் பின்னாளில் ஜனநாயகவாதி என்று போற்றுகிறார்கள். உத்தரவு போட்டது ராணுவம். ஒரு ஆலைத் தலைவர் ஆள் பற்றாக்குறை என்று சொன்னதற்கும் துப்பாக்கி முனையில் ரயிலேற்றியதற்கும் இடையில் தூரம் இருக்கிறது.

மலர்விழி:
ஆள் பற்றாக்குறை என்று சொல்லியிருந்தால் நீங்கள் சொல்வது பொருந்தும். எங்கிருந்து எடுக்கலாம் என்று அவர் இடத்தையும் சொன்னார். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டு மக்களைக் கைகாட்டினார். ரத்தேனா படத்தை யாராவது மாட்டச் சொன்னால் அங்கேயும் வந்து இதையே சொல்வேன்.

தீப்பொறி:
இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ஐ.ஜி. ஃபார்பன்தான் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் அருகே ஆலை கட்டி கைதிகளைக் கொன்றது. விஷவாயு விற்ற கம்பெனியில் அதற்குப் பங்கு. அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கல்லூரியில் படமா? வெட்கமாக இல்லையா?

மலர்விழி:
தோழர், கோபம் புரிகிறது, ஆனால் காலவரிசை முக்கியம். டூஸ்பெர்க் இறந்தது 1935 மார்ச். ஆஷ்விட்ஸ் அருகே மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் கட்டுமானம் தொடங்கியது 1941. சைக்ளான் பி என்ற அந்த விஷவாயுவை விற்ற டெகெஷ் நிறுவனத்தில் ஐ.ஜி. ஃபார்பனுக்கு 42.5 சதவீதப் பங்கு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கொலைகளை டூஸ்பெர்க் கணக்கில் எழுத முடியாது. அவர் செய்ததே போதுமான அளவு இருக்கிறது. செய்யாததைச் சேர்த்தால், அவரை ஆதரிக்கிறவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் தள்ளிவிடுவார்கள்.

தீப்பொறி:
சரி, 1941 அவர் கணக்கில் வேண்டாம். அந்த அளவுக்குப் பெரிய நிறுவனத்தை உருவாக்கியது யார்? ஆறு பெரிய கம்பெனிகளை ஒன்றாக்கி, எந்த அரசாலும் அதட்ட முடியாத ஒரு பூதத்தைச் செய்தவர் அவர்தானே?

குமரன்_கெம்:
அதிலும் பாதிதான் உண்மை. 1903-இல் அமெரிக்கா போனபோது ஸ்டாண்டர்ட் ஆயில் போன்ற பெருங்கூட்டு நிறுவனங்களைப் பார்த்து அசந்து போனார், திரும்பி வந்ததும் ஜெர்மன் சாயக் கம்பெனிகள் ஒன்றோடொன்று விலையைக் குறைத்துச் சாகாமல் சேர வேண்டும் என்று குறிப்பு எழுதினார். அதிலிருந்து பேயர், பி.ஏ.எஸ்.எஃப்., அக்ஃபா மூன்றின் கூட்டணி வந்தது. ஆனால் 1920-களில் முழு இணைப்புக்கு நின்றவர் பி.ஏ.எஸ்.எஃப்.-இன் கார்ல் போஷ். டூஸ்பெர்க் தனித்தனி நிறுவனங்களாகவே இருந்து ஒத்துழைக்கலாம் என்றார். வாதத்தில் போஷ் ஜெயித்தார், நிர்வாகத் தலைமையும் அவருக்கே போனது.

பட்டறை வாரிசு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாங்கள் பவானி பக்கம் நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். டூஸ்பெர்க் என்ற பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அவர் முதலில் கண்டுபிடித்தது என்ன சாயம்? நம் பட்டறையில் ஓடியிருக்குமா?

குமரன்_கெம்:
ஓடியிருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது அண்ணா. பென்சோபர்புரின் 4பி என்ற சிவப்பு, நேர்ச்சாய வகை. கதையே சுவாரசியமானது. பேயரில் வேலை பார்த்த பௌல் பாட்டிகர் காங்கோ சிவப்பைக் கண்டுபிடித்து, நிறுவனத்தை விட்டு வெளியேறி, 1884-இல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கி அக்ஃபாவுக்கு விற்றுவிட்டார். பருத்தியில் நேரடியாகப் பிடிக்கிற முதல் செயற்கைச் சிவப்பு கைவிட்டுப் போயிற்று. அதே வழியில் வேறொரு மூலப்பொருளை வைத்து இன்னும் நல்ல சிவப்பைக் கொண்டுவந்தவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த டூஸ்பெர்க். காங்கோ சிவப்பில் பென்சிடின், இதில் ஆர்த்தோ டாலிடின், மற்றபடி இரண்டிலும் நாப்தியோனிக் அமிலம்தான். அக்ஃபா விடவில்லை, கடைசியில் இரண்டு கம்பெனியும் உரிமையைப் பகிர்ந்துகொண்டு சமாதானம் ஆயின.

அப்புறம் வெளியார் சிலர் காங்கோ சிவப்புக் காப்புரிமையே செல்லாது என்று வழக்காடினார்கள். செய்முறை எல்லோருக்கும் தெரிந்தது, இதில் புதுமை எங்கே என்பது அவர்கள் வாதம். டூஸ்பெர்க் உச்ச நீதிமன்றத்தில் நின்று விளக்கினார்: செய்முறை பழையதாக இருக்கலாம், கிடைத்த பலன் தொழிலுக்குப் புதிது. 1889-இல் தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்றது. ஆய்வுக்கூடத்தில் வரிசையாக நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்ப்பதற்குக் கம்பெனிகள் பணம் போடும் துணிச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடங்கள் இன்றும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

பட்டறை வாரிசு:
இப்போது புரிகிறது. நேர்ச்சாயத்தின் அருமை பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால் பருத்தி நூலில் சிவப்பு ஏற்ற வேண்டுமென்றால் படிகாரத்தில் ஊற வைத்து, காய வைத்து, மறுபடி நனைத்து, பல நாள் வேலை. நேர்ச்சாயத்தில் சுடுதண்ணீரில் பொடியைக் கரைத்து, நனைத்த சிட்டத்தை, அதாவது நூல் கட்டை, தொட்டியில் இறக்கி, கோலில் மாட்டித் திருப்பிக்கொண்டே கொதிக்க விட்டு, நடுவில் உப்பைப் போட்டால் தண்ணீரில் இருக்கிற நிறம் நூலுக்கு ஏறிவிடும். ஒரே வேளையில் முடிந்தது. துவைத்தால் கொஞ்சம் போகும், அதுதான் குறை.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பெயரும், பென்சிடின், டாலிடின், எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1994-இல் ஜெர்மனி போட்ட தடையில் இருந்த பெயர்கள். தோலில் பட்டால் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உடையும் என்று அந்த வகை அசோ சாயங்களை ஆடையில் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். ஏற்றுமதிக்குத் துணி கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு சாயத்துக்கும் சோதனைச் சான்று கேட்டார்கள், பாதி டப்பாக்களை ஓரம் கட்டினோம். இந்தியாவிலும் தடை வந்தது. என் பெரியப்பா வெறும் கையால் அந்தத் தொட்டியில் சிட்டம் முறுக்கியவர். கடைசிக் காலத்தில் சிறுநீர்ப்பையில் புற்று. சாயத்தால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் அப்படி அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆபத்து ஜெர்மன்காரர்களுக்கு எப்போது தெரிந்தது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மலர்விழி:
அண்ணா, பெரியப்பா நிலை கேட்டு மனது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் உண்டு. 1895-இல் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதை மருத்துவர்கள் மாநாட்டில் அறிவித்தார். ஃபூக்சின் என்ற சாயத்தைத் தயாரித்தவர்கள் அவர்கள். டூஸ்பெர்க் லெவர்குசன் குறிப்பை எழுதிய அதே 1895. பென்சிடின் மேல் சந்தேகம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வலுத்தது. தடை வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று.

குமரன்_கெம்:
இதை ஒப்புக்கொள்கிறேன், தொழிலாளர் உடல்நலத்தில் அந்தக் காலத்துச் சாய ஆலைகள் எல்லாமே மோசம். அது டூஸ்பெர்க் ஒருவரின் பாவம் ஆகாது. 1895-இல் அவர் பொது இயக்குநர்கூட இல்லை. மறுபக்கம் பாருங்கள், கழிவையே மருந்தாக்கியவர் அவர். சாயத் தயாரிப்பில் மிஞ்சிய பாரா நைட்ரோபீனால் முப்பது டன் அளவில் ஆலை முற்றத்தில் பீப்பாய்களில் கிடந்தது. இதிலிருந்து உபயோகமாக ஏதாவது செய்ய முடியுமா என்று ஆஸ்கர் ஹின்ஸ்பெர்கிடம் கேட்டார். 1888-இல் ஃபெனாசெட்டின் என்ற காய்ச்சல் மருந்து வந்தது. சாயக் கம்பெனி மருந்துக் கம்பெனியாக மாறிய இடம் அது. அந்தப் பாதையில்தான் 1899-இல் ஆஸ்பிரின் கடைக்கு வந்தது.

மலர்விழி:
ஃபெனாசெட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னாளில் பல நாடுகள் விலக்கிவிட்டன. இதை டூஸ்பெர்க் மேல் போடவில்லை, அன்று யாருக்கும் தெரியாது. ஃபெனாசெட்டின் உடலுக்குள் போய் எதுவாக மாறி வேலை செய்கிறதோ அதுதான் இன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால், எனவே அந்த முற்றத்துக் கதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதைதான்.

என் வாதம் வேறு. தெரியாமல் செய்ததை நான் கேட்கவே இல்லை. தெரிந்து செய்ததைக் கேட்கிறேன். 1914 இலையுதிர் காலத்தில் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்டோடும் ராணுவ அதிகாரி மாக்ஸ் பவரோடும் சேர்ந்து, எதிரியை மூக்கும் கண்ணும் எரிய வைக்கும் குண்டைத் தயாரிக்கிறார். வாயுவைப் பரப்புவது மட்டுமே நோக்கமான குண்டுகளை 1899 ஹேக் பிரகடனம் தடுக்கிறது. இவர்கள் செய்தது என்ன? குண்டுக்குள் ஈய உருண்டைகளையும் எரிச்சல் பொடியையும் சேர்த்து வைத்தார்கள். இரண்டும் இருந்தால் வாயு மட்டுமே நோக்கம் என்று சொல்ல முடியாதல்லவா? அக்டோபர் மாதம் பிரான்சின் நவ் ஷாப்பலில் சுமார் 3,000 குண்டுகள் போட்டார்கள். எதிரி கவனிக்கவே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவுக்குப் போனார். அதை முகர்ந்து தானே ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்து வந்து, இதைப் பயன்படுத்துங்கள் என்று ராணுவத்தை வற்புறுத்தினார். அது நுரையீரலை என்ன செய்யும் என்று தன் உடம்பிலேயே பார்த்தவர் அவர்.

குமரன்_கெம்:
வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபரையும் நீங்கள் இப்படியே விலக்குவீர்களா? பெல்ஜியத்தின் ஈப்ரில் 1915 ஏப்ரல் 22 அன்று குளோரின் திறந்தபோது களத்தில் நின்றவர் அவர். அதற்குப் பின் நோபல் பரிசும் வாங்கினார். காற்று நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யாத வேதியியல் பாடமே இல்லை. பிரான்சும் பிரிட்டனும்கூட வாயுவை வீசின. போர் எல்லோரையும் கீழே இழுத்தது.

மலர்விழி:
ஹேபரின் வினையைப் பாடத்தில் நடத்துங்கள், சமன்பாட்டை யார் விலக்கச் சொன்னார்கள்? சுவரில் மாட்டுவது மரியாதை. இரண்டும் வேறு.

பழைய மாணவர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்பதுகளில் கார்ல் டூஸ்பெர்க் சங்கத்தின் உதவித்தொகையில் ஜெர்மனிக்குத் தொழிற்பயிற்சிக்குப் போனவன் நான். அந்தச் சங்கம் 1949-இல் தொடங்கியது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து எத்தனையோ இளம் பொறியாளர்களை ஜெர்மன் ஆலைகளுக்குள் அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தது. பெயர் காரணமில்லாமல் வைக்கப்படவில்லை. 1920-களில் ஜெர்மன் மாணவர்களை அமெரிக்க ஆலைகளில் வேலை பார்த்துக் கற்க அனுப்பும் ஏற்பாட்டுக்கு முன்னின்றவர் டூஸ்பெர்க். பணவீக்கத்தில் பல்கலைக்கழகங்கள் படுத்துவிட்ட சமயம், மாணவர்களுக்குச் சாப்பாடும் கடனும் கிடைக்க வழி செய்தார். வேதியியல் ஆராய்ச்சிக்கென்று நிதிச் சங்கங்கள் உருவாவதிலும் அவர் கை உண்டு. வேதியியலாளர் கெக்குலே இறந்தபின் அவருடைய சொந்த நூலகம் சிதறாமல் பேயர் வாங்கியதும் இவர் காலத்தில்தான்.

லெவர்குசனில் அவர் பெயரிலேயே ஒரு பூங்கா இருக்கிறது, பக்கத்தில் அவர் ஆர்வத்தோடு அமைத்த ஜப்பானியத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் குழந்தைகளோடு வருவார்கள். அந்த ஊரே அவர் வரைந்த தாளிலிருந்து எழுந்தது. என் வாழ்க்கையின் ஒரு கதவைத் திறந்தவர் பெயர் என்பதால் எனக்கு அவர் மேல் நன்றி உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

மலர்விழி:
ஐயா, உங்கள் நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களுக்குப் பயிற்சி தந்தது போருக்குப் பிந்திய ஜெர்மனி. அந்த மக்கள் தங்கள் பழைய பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். டூஸ்பெர்க் பெயர் வைத்த தெருக்களை மாற்றலாமா என்று அங்கேயே ஊர் மன்றங்களில் பேச்சு நடந்திருக்கிறது.

பழைய மாணவர்:
உண்மைதான் அம்மா. நான் அங்கே இருந்தபோதே ஆலையில் ஒரு மூத்த ஃபோர்மன் என்னிடம் பெல்ஜிய விஷயத்தைச் சொன்னார். பேயர் ஆலையிலும் அந்த ஆட்கள் இருந்தார்கள் என்றார். பூங்காவைக் காட்டிக்கொண்டேதான் சொன்னார்.

ஆய்வகம்:
இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. மாணவர்களிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். படம் மாட்டுவது, கீழே ஒரு குறிப்பு எழுதுவது என்று பெரும்பான்மை சொல்கிறது. அவர்கள் எழுதிய வரைவு இது:

"கார்ல் டூஸ்பெர்க் (1861–1935). சாய வேதியியலாளர். லெவர்குசன் ஆலையைத் திட்டமிட்டவர். தொழில்துறை ஆய்வுக்கூடத்தை நிலையான அமைப்பாக்கியவர்களில் ஒருவர். முதல் உலகப்போரில் நச்சுவாயு உற்பத்தியிலும் பெல்ஜியத் தொழிலாளர்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்ததிலும் பங்கு பெற்றவர்."

குமரன்_கெம்:
கடைசி வாக்கியத்தில் 'பங்கு பெற்றவர்' பொதுவாக இருக்கிறது. வாயுவில் பங்கு பெற்றார், சரி. பெல்ஜிய விஷயத்தில் அவர் வற்புறுத்தினார், நடத்தியது ராணுவம். அப்படிப் பிரித்து எழுதுங்கள். காங்கோ சிவப்புத் தீர்ப்பு இல்லாமல் குறிப்பு முழுமை ஆகாது.

மலர்விழி:
பிரித்து எழுதுவதானால் 60,000 என்ற எண்ணும் வேண்டும். 'கொண்டுவந்தது' என்று எழுதாதீர்கள், 'நாடு கடத்தியது' என்று எழுதுங்கள். என் விருப்பம் இன்னும் அதேதான்: முகத்துக்குப் பதில் லெவர்குசன் ஆலை வரைபடத்தை மாட்டுங்கள். குமரன் பாராட்டுவது அந்த வரைபடத்தைத்தானே?

குமரன்_கெம்:
வரைபடத்தை மாட்டினால் மாணவர்கள் நின்று பார்க்க மாட்டார்கள். முகம் இருந்தால்தான் யார் இவர் என்று கேட்பார்கள், கீழே இருப்பதைப் படிப்பார்கள். பெல்ஜியம் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் நீங்களே முகம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

பட்டறை வாரிசு:
ஆசிரியரே, படமோ வரைபடமோ, உங்கள் விருப்பம். பென்சோபர்புரின் பெயரைக் குறிப்பில் எழுதினால் பக்கத்திலேயே அது எதிலிருந்து செய்யப்பட்டது, ஜெர்மனி எந்த ஆண்டில் தடை செய்தது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்த்தோ டாலிடின், 1994. எங்கள் பட்டறையில் அந்தக் காலத்து நூல் மாதிரி அட்டை ஒன்று இருக்கிறது, சிவப்பு இன்னும் மங்கவில்லை. வேண்டுமானால் உறை போட்டு அனுப்புகிறேன், பிள்ளைகள் கையால் தொட வேண்டாம்.